ஒரே பெரட்டில் பழைய கம்பியூட்டர்கள்



இந்த முறைப் பாடம் கம்பியூட்டரைப் பற்றியது. புதுக் கம்பியூட்டர் அல்ல. ஆபீசுக்குப் புதுசு வந்ததும் கழித்துவிட்ட, விண்டோஸ் 98 ஓடுகிற, பெரிய பெட்டி மொனிட்டர் வைத்த பழசு. சனசமூக நிலையத்திலும் பிள்ளைமடுவத்துப் பின்னறையிலும் இப்படி இரண்டு மூன்று துணி போர்த்திக் கிடப்பதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறோம். "போன்ல இல்லாத என்னாங்க ஐயா இதுல இருக்கு?" என்று பொடியன்மார் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் இரண்டு கையாலும் டைப் பழக, பெயர்ப் பட்டியல் எழுதி வைக்க, அதை அச்செடுக்க இவை இன்னும் போதும். தனித்தனியாய் இருந்தால் பாதிப் பயன்தான். வயர் போட்டு இணைத்தால் முழுப் பயன். அதை எப்படிச் செய்வது என்று, நாங்கள் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதுகிறோம்.

ஏன் இணைக்க வேண்டி வந்தது

நம் ஆட்களின் பெயர் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் மாரியாயி. அடையாள அட்டையில் மாரியம்மா. செக்ரோலில் வெறும் மாரி. ஊழியர் சேமலாப நிதியில் மாதாமாதம் நம் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போடுகிற 12 வீதமும் சேர்கிறது. காலமெல்லாம் கொழுந்தெடுத்துச் சேர்த்த பணம். அதைக் கேட்டு எழுதும்போது பெயர் ஒத்து வராவிட்டால் காரியம் நின்றுவிடும். பிறகு சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், பஸ் செலவு, ஒரு நாள் பேர் போகும்.

இதை முன்கூட்டியே பார்த்து வைப்போம் என்று 2023 இல் குடும்பப் பதிவு ஒன்று தொடங்கினோம். ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று இடத்திலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், இவ்வளவுதான். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் பின்னேரத்தில் வந்து டைப் பண்ணினார்கள். எங்களிடம் நாலு கம்பியூட்டர் இருந்தது. அதில் நல்லதாகத் தெரிந்த ஒன்றில் எட்டு மாதம் ஏற்றினோம்.

ஒரு நாள் அந்தக் கம்பியூட்டருக்குள் "டக், டக்" என்று சத்தம் வந்தது. குளிருக்குத்தான் அப்பிடி என்று இரண்டு நாள் அலட்சியமாய் இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் அது ஏறவே இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பிளொப்பியில் எடுத்து வைத்த கொப்பியைத் தேடினோம். ஆறில் நாலுக்குப் பூஞ்சணம். நம் குளிருக்கும் ஈரத்துக்கும் பிளொப்பி தாங்காது என்று அப்போதுதான் புத்தி வந்தது.

அந்த மாதம் வேலையிலிருந்து நிற்கவிருந்த ஒரு அக்கா தன் விபரங்கள் எல்லாம் எங்களிடம் பத்திரமாய் இருக்கிறது என்று நம்பிக் கடதாசிகளை வீட்டில் சரியாய் வைக்கவில்லை. மறுபடி பிரதேச செயலகத்துக்கு இரண்டு தடவை போய் வந்தார். எங்களைத் திட்டவில்லை. "பரவால்லீங்க ஐயா" என்றுதான் சொன்னார். அந்த இரண்டு நாள் பேரை நாங்கள் எங்கேயிருந்து கொடுப்பது?

ஆக, பதிவு ஒரு இடத்தில் மட்டும் இருக்கக்கூடாது. குறைந்தது மூன்று கம்பியூட்டரிலாவது இருக்க வேண்டும், அதுவும் யாரும் மறக்காமல் சுலபமாய்ச் செய்யக்கூடிய வழியில். பென் டிரைவில் கொண்டு போகலாமே என்பீர்கள். விண்டோஸ் 98 பென் டிரைவைத் தானாக அடையாளம் காணாது. அதற்குத் தனி டிரைவர் போட வேண்டும். எங்களுடையதில் இரண்டில் அதற்கான வாயே கிடையாது. அதனால்தான் வயர்.

கூப்பிட்டால் யார் பதில் சொல்வது

காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை ஒரு பேரைக் கூப்பிடுகிறார். நிற்கிற எல்லாருக்கும் கேட்கிறது. ஆனால் அந்தப் பேருக்குரிய ஆள் மட்டும்தான் பதில் சொல்கிறார். ஹப் என்கிற சின்னப் பெட்டிக்குள் நடப்பதும் இதேதான். ஒரு கம்பியூட்டர் அனுப்புகிற செய்தி, ஹப்பில் செருகியிருக்கிற எல்லாவற்றுக்கும் போகும். செய்தியின் தலையில் யாருக்கு என்ற இலக்கம் இருக்கும். அந்த இலக்கமுள்ள கார்ட் எடுத்துக்கொள்ளும், மற்றவை விட்டுவிடும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால்? இரண்டும் மோதிக் குழம்பிவிடும். அதைக் கண்டதும் இரண்டும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு கணக்கில் கொஞ்சம் காத்திருந்து திரும்பப் பேசும். ஆளுக்கொரு கணக்கில் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே அளவு காத்திருந்தால் திரும்பவும் மோதும் அல்லவா? மீட்டிங்குகளில் நம் தலைவர்மாருக்கும் இந்த முறையைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னது. நாங்கள் பதில் சொல்லவில்லை.

இதற்கு ஈதர்நெட் என்று பெயர். 1973 இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவிலிருந்த செரொக்ஸ் கொம்பனியின் ஆராய்ச்சி நிலையத்தில் ரொபர்ட் மெட்கால்ப், டேவிட் பொக்ஸ் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். 1983 இல் பொதுத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1990 இல், டெலிபோன் வயர் போன்ற முறுக்கு வயரிலும் இதை ஓட்டலாம் என்ற தரம் வந்தது. நம் பழைய கம்பியூட்டர்களில் இருப்பது பெரும்பாலும் அதுதான். செகண்டுக்கு ஒரு கோடி பிட் போகும். இன்றைய வேகத்துக்கு இது நத்தை. ஆனால் ஒரு பிளொப்பியில் உள்ளது முழுவதும் சில செகண்டில் போய்ச் சேர்கிறது. பெயர்ப் பட்டியலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது கடையில் விற்கிற பெட்டி ஹப் அல்ல, சுவிட்ச். அது எல்லாருக்கும் கேட்கக் கூப்பிடாது. உரிய ஆளின் காதில் மட்டும் சொல்லும். பெரும்பாலான சுவிட்ச்கள் பழைய வேகத்துக்கும் இறங்கிப் பேசும். ஆகவே பழைய ஹப் கிடைக்கவில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கம்பியூட்டரின் பின்பக்கம் டெலிபோன் வாய் மாதிரி, ஆனால் கொஞ்சம் அகலமாய், உள்ளே எட்டுக் கம்பியுள்ள வாய் இருக்கிறதா? இருந்தால் நெட்வர்க் கார்ட் இருக்கிறது. ஒடுக்கமான டெலிபோன் வாயும் சிலதில் இருக்கும். அது மோடம், இந்த வேலைக்கு உதவாது.

சில பழைய கார்டில் உருண்டையான உலோக வாய் இருக்கும். அது இன்னும் பழைய முறை. லயத்துத் தண்ணிக் குழாய் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதுபோல, ஒரே தடித்த வயர் ஒவ்வொரு கம்பியூட்டரையும் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொன்றிலும் டி வடிவத் துண்டு, இரண்டு கடைசியிலும் 50 ஓம் மூடி. 185 மீற்றர் வரை, 30 கம்பியூட்டர் வரை போகலாம். ஆனால் எங்காவது ஒரு இடத்தில் கழன்றால் எல்லாமே நின்றுவிடும். அறுந்த முனையில் செய்தி பட்டு, மலையில் பட்ட சத்தம்போல் திரும்பி வந்து மற்றச் செய்திகளைக் குழப்பும். டி.வி. அன்டெனா வயர் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். அதை மாட்டிப் பார்க்காதீர்கள். அது 75 ஓம். முறுக்கு வயர் போட வசதியிருந்தால் அதையே போடுங்கள். அதில் ஒரு வயர் போனால் ஒரு கம்பியூட்டர் மட்டும்தான் நிற்கும்.

கார்ட் இல்லாவிட்டால் பழைய சாமான் கடையில் வாங்கிச் செருகலாம். உள்ளே குட்டையான வெள்ளை வாய் பி.சி.ஐ., நீளமான கறுப்பு வாய் ஐ.எஸ்.ஏ. இரண்டும் இருந்தால் பி.சி.ஐ. கார்டையே தேடுங்கள், தலைவலி குறைவு. ஐ.எஸ்.ஏ. கார்டால் நாங்கள் மூன்று பின்னேரம் வீணாக்கினோம். எங்களுடைய நாலாவது கம்பியூட்டரில் நெட்வர்க் வேலை செய்தால் மவுஸ் செத்துவிடும். மவுஸ் வேலை செய்தால் நெட்வர்க் செத்துவிடும். காரணம் இதுதான். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் "என்னைக் கவனி" என்று மணி அடிக்க ஒரு இலக்கம் உண்டு. அந்தக் கார்டின் இலக்கம் 3. மவுஸ் மாட்டியிருந்த இரண்டாவது வாயின் இலக்கமும் 3. இரண்டு பேருக்கு ஒரே மணி! மவுசைக் கழற்றி முதலாவது வாயில் மாட்டினோம், அதன் இலக்கம் 4. அவ்வளவுதான், இரண்டும் ஓடின.

பெட்டியைத் திறக்கும் முன் மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். கார்டைத் தொடும் முன் பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொடுங்கள். நம் உடம்பிலுள்ள மின்சாரம் கார்டைச் சுட்டுவிடும். உள்ளே சின்ன டின் மாதிரி நிற்கிறவற்றின் தலை உப்பியிருந்தால் அந்தக் கம்பியூட்டரை இயக்க வேண்டாம். தூசி, கரப்பான், காய்ந்த பல்லி எல்லாவற்றையும் வண்ணம் பூசுகிற பிரஷால் தட்டி எடுங்கள். மின்சாரம் வருகிற மூடிய பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் இருக்கும்.

வயர் அடிக்கிற விதம்

எங்களுக்கு அதிகம் பாடம் கற்பித்தது இந்த வயர்தான்.

வாங்க வேண்டியது கெட் 5 வயர், எட்டுக்கால் பிளக், பிளக் அடிக்கிற கிரிம்பர். வயருக்குள் எட்டு நூல், இரண்டிரண்டாய் முறுக்கி நாலு சோடி. சும்மா அழகுக்கு முறுக்கவில்லை. பக்கத்து மின் வயரிலிருந்து வருகிற இரைச்சல் சோடியின் இரண்டு நூலிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் கார்ட் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஆகவே இரைச்சல் கழிந்துபோகும். முறுக்கைப் பிரித்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். பிளக் அடிக்க அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள்.

பிளக்கின் கொக்கி கீழே, செம்புக் கால்கள் மேலே, வயர் நுழைகிற வாய் நம் பக்கம் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக ஒழுங்கு இது. வெள்ளையில் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளையில் பச்சை, நீலம், வெள்ளையில் நீலம், பச்சை, வெள்ளையில் மண்ணிறம், மண்ணிறம். கம்பியூட்டரிலிருந்து ஹப்புக்குப் போகிற வயரில் இரண்டு முனையும் ஒரே ஒழுங்கு. ஹப் இல்லாமல் இரண்டே கம்பியூட்டரை நேரே இணைப்பதென்றால், ஒரு முனையில் பச்சைச் சோடியையும் செம்மஞ்சள் சோடியையும் இடம் மாற்றி அடிக்க வேண்டும். ஒருவர் பேசுகிற இடம் மற்றவர் கேட்கிற இடத்தில் சேர வேண்டுமல்லவா? ஒரு வயர் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது.

பச்சைச் சோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்களுக்கும் புரியவில்லை. "சோடி சோடியாய் வரிசையாய் வைச்சா என்ன, ரெண்டு முனையும் ஒண்ணாத்தானே இருக்கு" என்று செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம் என வரிசையாக அடித்தோம். சோதிக்கிற கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காய் எரிந்தன. பக்கத்து மேசைக்கு வேலையும் செய்தது. ஆனால் மறு கோடியிலிருந்த கம்பியூட்டருக்குப் பெரிய பைல் அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். கார்டில் பிழை, ஹப்பில் பிழை என்று ஒவ்வொன்றாய் மாற்றினோம். ஒரு மாதம் போனது.

பிழை எங்கே தெரியுமா? கார்ட் பயன்படுத்துவது எட்டில் நாலு காலைத்தான். 1 உம் 2 உம் ஒரு வழி, 3 உம் 6 உம் மறு வழி. சரியான ஒழுங்கில் 3 உம் 6 உம் ஒரே பச்சைச் சோடி. நாங்கள் அடித்த ஒழுங்கில் 3 இல் பச்சைச் சோடியின் நூல், 6 இல் நீலச் சோடியின் நூல். அதாவது புருசன் ஒரு லயத்தில், பொஞ்சாதி வேறு லயத்தில். முறுக்கின் பாதுகாப்பே இல்லை. சோதிக்கிற கருவி கம்பி முனைக்கு முனை தொடுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்தச் சோடி என்று அதற்குத் தெரியாது. பிளக்கை வெட்டிவிட்டுத் திரும்ப அடித்தோம். அன்றிலிருந்து ஒரு பைலும் நிற்கவில்லை.

இலக்கமும் பேரும்

கம்பியூட்டருக்குள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கொன்ட்ரோல் பெனலில் நெட்வர்க் என்ற இடத்துக்குப் போங்கள். கார்டின் பேர் அங்கே தெரிய வேண்டும். மைக்ரோசொப்ட் நெட்வர்க்குக்கான கிளையன்ட், டி.சி.பி. ஐ.பி. ஆகிய இரண்டும் இல்லாவிட்டால் சேருங்கள். பைலையும் பிரிண்டரையும் பங்கிடுகிற பொத்தானை அழுத்தி இரண்டுக்கும் சரி போடுங்கள். விண்டோஸ் சீ.டி.யைக் கேட்கும், கையில் வைத்திருங்கள்.

டி.சி.பி. ஐ.பி.க்குள் இலக்கம் கொடுக்க வேண்டும். முதலாவதுக்கு 192.168.0.1, அடுத்ததற்கு 192.168.0.2, இப்படிக் கடைசி எண் மட்டும் மாறும். கீழே எல்லாவற்றுக்கும் 255.255.255.0. வீட்டுக்குள் மட்டும் பாவிக்கவென்று ஒதுக்கிய இலக்கங்கள் இவை. ஒரே இலக்கத்தை இரண்டுக்குக் கொடுத்தால் சண்டை வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பேர், 15 எழுத்துக்குள், இடைவெளி விடாமல், ஆங்கிலத்தில். குழுவின் பேர் எல்லாவற்றுக்கும் ஒன்று. பிள்ளைகள் நாலு மலைகளின் பேரை வைத்தார்கள். பெட்டியின் முகத்தில் பேரையும் இலக்கத்தையும் கடதாசியில் எழுதி ஒட்டுங்கள்.

சோதிக்கும்போது கீழேயிருந்து மேலே போங்கள். பலர் எடுத்தவுடன் பைலைத் தேடுகிறார்கள், கிடைக்காவிட்டால் எங்கே பிழை என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். முதலில் கார்டிலும் ஹப்பிலும் சின்ன விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் வயரை விட்டு மேலே போகாதீர்கள். எரிந்தால், டொஸ் பக்கத்தில் பிங் என்று அடித்து மற்றக் கம்பியூட்டரின் இலக்கத்தைக் கொடுங்கள். நாலு பதில் வர வேண்டும். வராவிட்டால் இலக்கத்தில் பிழை. வந்தால் நெட்வர்க் நெய்பர்ஹூட்டில் பேர் தெரிகிறதா என்று பாருங்கள். பேர் உடனே தெரியாது, கால் மணி நேரம் கூட ஆகலாம். அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள். ஸ்டார்ட்டில் பைண்ட் என்ற இடத்தில் கம்பியூட்டரின் பேரைக் கொடுத்துத் தேடினால் அதற்கு முன்னமே அகப்படும்.

இன்னொன்று. எல்லாம் சரியாய் இருந்தும் ஒரு கம்பியூட்டர் மட்டும் சில நாள் சேரும், சில நாள் சேராது. பேய் பிடித்தது என்றே சொன்னார்கள். பார்த்தால், ஏறும்போது பாஸ்வேர்ட் கேட்கிற பெட்டியைச் சில பிள்ளைகள் எஸ்கேப் தட்டி மூடிவிடுகிறார்கள். விண்டோஸ் 98 அப்படியும் உள்ளே விடும். ஆனால் நெட்வர்க்கில் சேர்க்காது. பேரை அடித்து ஓகே கொடுத்தால்தான் சேர்க்கும்.

எதைப் பங்கிடுவது

முழு டிஸ்க்கையும் பங்கிடாதீர்கள். ஒரு போல்டரை மட்டும் பங்கிடுங்கள். பார்ப்பதற்கு ஒரு பாஸ்வேர்ட், எழுதுவதற்கு வேறு பாஸ்வேர்ட் என்று கொடுக்கலாம். ஆளின் அடையாள அட்டை இலக்கமும் சேமலாப நிதி இலக்கமும் ஒரே இடத்தில் இருப்பது சின்ன விசயம் அல்ல. எழுதுகிற பாஸ்வேர்ட் எங்கள் நிலையத்தில் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பாஸ்வேர்ட் பெரிய பூட்டு என்று நினைத்துவிடவும் வேண்டாம். முதல் எழுத்தை மட்டும் கண்டுபிடித்தாலே உள்ளே போகக்கூடிய ஓட்டை இதில் இருந்தது 2000 ஆம் ஆண்டில் தெரியவந்து, அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். விண்டோஸ் 98 க்குத் திருத்தம் போடுவதையே 2006 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே இந்த ஹப்பில் இன்டர்நெட் வயரை ஒருபோதும் செருகாதீர்கள். புது லெப்டொப்போடு பழசைப் பேச வைக்க, லெப்டொப்பில் பழைய பங்கீட்டு முறையைத் திறந்துவிடு என்று சிலர் சொல்லித் தருவார்கள். 2017 மே மாதம் உலகமெங்கும் கம்பியூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ் அந்தக் கதவால்தான் நுழைந்தது. அந்த ஆண்டிலிருந்து புது விண்டோஸில் அதை மூடியே தருகிறார்கள். மூடியே இருக்கட்டும். நாங்கள் லெப்டொப்புக்குக் கொண்டு போவது சீ.டி.யில் எழுதித்தான்.

எழுத்து மாறிய கதை

இணைத்த முதல் நாள் ஒரு பிள்ளை அடுத்த கம்பியூட்டரிலிருந்து பதிவைத் திறந்துவிட்டு "ஐயா, வைரஸ்!" என்று கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் தமிழ் ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கோடுமாய்க் கிடக்கிறது. வைரஸ் அல்ல, பாமினி. பாமினி எழுத்தில் நாம் அடிப்பது உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் பதிகிறது. பாமினி இருக்கிற கம்பியூட்டரில் மட்டும் அது தமிழாய்த் தெரியும். பாமினி பைலை நெட்வர்க் வழியாகவே மற்ற மூன்றுக்கும் அனுப்பிப் பொன்ட்ஸ் போல்டரில் போட்டோம். தமிழ் வந்துவிட்டது.

புதுக் கம்பியூட்டருக்கும் போனுக்கும் யுனிகோட் தமிழ் வேண்டும். விண்டோஸில் அது ஒழுங்காய் வந்தது விண்டோஸ் 2000 இலிருந்துதான், 98 இல் இல்லை. பாமினியை யுனிகோடாக மாற்றிக் கொடுக்கிற வழிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒவ்வொரு பேரையும் கண்ணால் பாருங்கள். பெயரில் ஒரு எழுத்துக்காகத்தானே இவ்வளவு பாடும். அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்களையும் பக்கத்தில் அப்படியே எழுதி வையுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கொப்பி

வெள்ளிதோறும் பின்னேரம் பதிவை மற்ற மூன்று கம்பியூட்டருக்கும் கொப்பி எடுக்கிறோம். பழையதன் மேலேயே எழுதுவதில்லை. பைல் கெட்டுப்போயிருந்தால் கெட்டது நல்லதன் மேல் ஏறிவிடும். ஒவ்வொரு வாரத்துக்கும் திகதி போட்ட தனிப் போல்டர். கம்பியூட்டரின் திகதி அடிக்கடி பின்னுக்குப் போனால் உள்ளேயிருக்கிற வட்டப் பெட்டரி செத்திருக்கும். 2032 என்று இலக்கமிட்ட சல்லி மாதிரிப் பெட்டரி, கடையில் கிடைக்கும்.

நாலும் ஒரே அறையில்தானே இருக்கிறது என்று ஒரு பெரியவர் கேட்டார். சரியான கேள்வி. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போனபோது, ஆட்களோடு அவர்கள் வீட்டில் இருந்த பத்திரங்களும் போயின. மாதத்துக்கு ஒரு சீ.டி. எழுதி நிலையத்துக்கு வெளியே, உலர்ந்த இடத்தில் வைக்கிறோம்.

இடியை மறக்காதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் பின்னேரத்தில் இடி கூடுதல். மின் வயரைக் கழற்றினால் மட்டும் போதாது, நெட்வர்க் வயரையும் கழற்றுங்கள். அது நீளமான செம்பு, மின்னலுக்கு வழிதான். அதே காரணத்தால் நிலையத்திலிருந்து பிள்ளைமடுவத்துக்கு வெட்டவெளியில் இந்த வயரை இழுக்கவும் கூடாது. எங்களிடம் கேட்டார்கள், நாங்கள் சம்மதிக்கவில்லை.

குடும்பப் பதிவை இப்போது முதலாம் லயத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டு வருகிறோம். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியிலிருந்து நிலையம் திறந்திருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளத் துண்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். கையோடு எழுதிக்கொண்டு கடதாசிகளைத் திருப்பித் தந்துவிடுவோம், எங்களிடம் விட்டுப் போக வேண்டாம். பழைய கம்பியூட்டர் வைத்திருக்கிற அயல் தோட்டத்து நிலையங்கள் வயரை அளந்துகொண்டு வந்தால் பிளக் அடித்துத் தருகிறோம். பச்சைச் சோடியைப் பிரித்து, நடுவில் நீலத்தை வைத்து.